வேனை ஆம்புலன்ஸாக மாற்றப் போகிறீர்களா? முதலில் எடைமேடைக்குப் போங்கள்

எங்கள் முதல் ஆம்புலன்ஸ் பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. வெள்ளைச் சுவர், மடக்கு இருக்கை, நீல விளக்கு, கதவைத் திறந்தால் புது ரெக்சின் வாசனை. பதிவுக்கு முந்திய சோதனைக்குக் கொண்டுபோனோம். சோதனை செய்தவர் உள்ளே எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஆட்களுக்குப் பதிலாக மணல் மூட்டைகளை வைக்கச் சொன்னார், அப்புறம் பின்சக்கரங்களை மட்டும் எடைமேடையில் ஏற்றச் சொன்னார். ரசீது வந்தது. பின்னச்சில் அனுமதித்ததைவிட 90 கிலோ கூடுதல்.

அந்த 90 கிலோவைக் குறைக்க அலமாரியைப் பிரித்தோம், பேட்டரிகளை இடம் மாற்றினோம், மறுபடி சோதனைக்கு வரிசையில் நின்றோம். 4 மாதத்தில் முடியும் என்று நினைத்த வேலை 11 மாதம் இழுத்தது. இரண்டாவது வண்டியை நாலரை மாதத்தில் முடித்துவிட்டோம். பட்டறை அதேதான், ஆட்களும் அவர்களேதான். வேலையை எந்த வரிசையில் செய்தோம் என்பதை மட்டும் மாற்றினோம். அந்த வரிசையைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். சிறிய மருத்துவமனை, அறக்கட்டளை, தொழிற்சாலை மருத்துவப் பிரிவு என்று முதன்முறை இதில் இறங்குகிறவர்களுக்காக எழுதுவது இது.

1. என்ன வேலைக்கு வண்டி என்று ஒரே பக்கத்தில் எழுதுங்கள்

பட்டறைக்காரர் கேட்கும் முதல் கேள்வி "என்ன டைப்?" என்பதாக இருக்கும். அவசரப்பட்டு ஓர் எழுத்தைச் சொல்லிவிடாதீர்கள். நாட்டுக்கு நாடு அந்த எழுத்தின் பொருள் மாறும்.

ஐரோப்பியத் தரமான இ.என். 1789-இல் ஏ என்றால் நிலை சீராக உள்ள நோயாளியை இடம் மாற்றும் வண்டி, பி என்றால் அவசர ஆம்புலன்ஸ், சி என்றால் ஓடும் தீவிர சிகிச்சைப் பிரிவு. இந்தியாவின் வாகனத் தரமான ஏ.ஐ.எஸ். 125-இல் ஏ என்பது முதலில் ஓடிப்போய் உதவுகிறவரின் வண்டி, பி வெறும் நோயாளி போக்குவரத்து, சி அடிப்படை உயிர்காப்பு, டி மேம்பட்ட உயிர்காப்பு. ஆக, ஓரிடத்தில் பி என்று கேட்டால் முழு அவசர வண்டி வரும், இன்னோரிடத்தில் ஸ்ட்ரெச்சர் வைத்த வேன்தான் வரும். அமெரிக்காவில் ஒன்று, இரண்டு, மூன்று என்று சொல்வது சிகிச்சை அளவையே குறிக்காது, வண்டியின் உடலமைப்பைக் குறிக்கும்: ஒன்று லாரி சேசிஸ்மேல் (அடிச்சட்டத்தின்மேல்) தனிப் பெட்டி, இரண்டு முழு வேன், மூன்று பின்பாதி வெட்டிய வேன்மேல் பெட்டி. வெளிநாட்டு அட்டவணை ஒன்றை இணையத்தில் எடுத்து அப்படியே டெண்டரில் ஒட்டியவர்கள் பட்ட பாட்டை நான் பார்த்திருக்கிறேன்.

அந்த ஒரு பக்கத்தில் இவை இருக்கட்டும்: எந்த மாதிரி நோயாளி, வழக்கமான பயணம் எத்தனை நிமிடம், மிக நீளமான பயணம் எத்தனை மணி, உடன் வருவோர் எத்தனை பேர், ஒவ்வொரு கருவியின் பெயரும் எடையும், வண்டி நிற்கப்போகும் ஷெட்டின் வாசல் உயரம். கடைசியாகச் சொன்னதைச் சிரிக்காமல் எழுதுங்கள். உயரக் கூரை வேனின்மேல் விளக்கும் ஏ.சி.யும் ஏறியபிறகு அது வாசலில் இடிக்கும்.

கருவிகளின் எடையை இப்போதே கேட்டு வாங்கிவிடுங்கள். மூன்றாவது படியில் வேண்டியிருக்கும்.

2. வேனா, லாரியா?

வேனின் தரை தாழ்வு. ஏற்றி இறக்குவது எளிது, ஓட்டவும் கார் மாதிரி இருக்கும், விபத்தில் வண்டியின் மொத்தக் கூடும் சேர்ந்து தாங்கும். லாரி சேசிஸில் பெட்டி கட்டினால் இடமும் சுமைத்திறனும் கிடைக்கும், ஆனால் தரை உயர்ந்துவிடும்.

எவ்வளவு உயரம் பரவாயில்லை என்பதற்கு ஒரு கணக்கு. ஸ்ட்ரெச்சரைச் சரிவுப்பலகையில் ஏற்றும்போது சாய்வு 16 டிகிரியைத் தாண்டக் கூடாது என்று இ.என். 1789 சொல்கிறது. வேனின் தரை 70 செ.மீ. உயரத்தில் இருந்தால் பலகை சுமார் இரண்டரை மீட்டர் போதும். லாரியின் தரை 110 செ.மீ. என்றால் 4 மீட்டர் பலகை வேண்டும். அதை எங்கே மடக்கி வைப்பீர்கள்? ஆகவே லாரி என்றாலே பின்னால் லிஃப்ட், லிஃப்ட் என்றால் கூடுதல் எடை, கூடுதல் பராமரிப்பு, அது பழுதானால் கையால் இறக்க ஒரு வழி.

வெறும் பட்டை ஸ்பிரிங் (லீஃப் ஸ்பிரிங்) சஸ்பென்ஷன் உள்ள லாரி சுமை இல்லாதபோது குதிக்கும். முதுகெலும்பு அடிபட்டவரை அதில் படுக்கவைத்துப் பாருங்கள், அவரே சொல்வார். ஏர் சஸ்பென்ஷன் செலவுதான், ஆனாலும் லாரியில் ஆம்புலன்ஸ் கட்டுகிறவர் அதைக் குறைக்கக் கூடாது.

லாரிக்கு ஒரு நல்ல பக்கம் உண்டு. தனிப் பெட்டியாகக் கட்டினால், சேசிஸ் தேய்ந்தபிறகு பெட்டியைத் தூக்கிப் புது சேசிஸில் வைத்துவிடலாம். பத்து வருடக் கணக்குப் போடுகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். பச்சிளங்குழந்தைகளுக்கான இன்குபேட்டர் வண்டி, பேரிடரில் ஒரே நேரத்தில் பலரைப் படுக்கவைக்கும் வண்டி, ரத்த சேகரிப்பு வண்டி இவையெல்லாம் பெரும்பாலும் இந்தப் பக்கம்தான் வரும். மற்ற எல்லாருக்கும் என் யோசனை வேன்தான்.

3. எடைக் கணக்கு

இதைப் பட்டறைக்காரர் போடுவார் என்று விட்டுவிடாதீர்கள். எங்கள் பட்டறைக்காரர் நல்ல தச்சர், நல்ல வெல்டர். எடை அவர் கவலையாக இருக்கவில்லை.

உதாரணத்துக்கு, மொத்த எடை வரம்பு 3,500 கிலோ உள்ள ஒரு நீள வேன். காலி எடை 2,300 கிலோ என்று வைத்துக்கொள்வோம். உங்கள் கையில் இருப்பது 1,200 கிலோ. ஓட்டுநர், உதவியாளர் இருவர், நோயாளி, உறவினர் ஒருவர் என ஐந்து பேருக்குத் தலா 75 கிலோ போட்டால் 375. ஸ்ட்ரெச்சரும் அதைப் பூட்டும் அடித்தளமும் 100. தரை, சுவர், கூரை, அலமாரி 350. பேட்டரி, இன்வெர்ட்டர், ஏ.சி., விளக்கு, வயர் 120. ஆக்சிஜன் சிலிண்டர் இரண்டும் தாங்கியும் 40. மருத்துவக் கருவியும் மருந்தும் 150. கூட்டினால் 1,135. மிச்சம் 65 கிலோ. 75 கிலோவைத் தாண்டிய நோயாளிகள் உண்டு, ஸ்டெப்னியும் சேற்றில் சிக்கினால் இழுக்கும் கயிறும் இன்னும் கணக்கில் இல்லை.

இதில் ஒரு பொறி இருக்கிறது. "காலி எடை" என்ற சொல்லில் ஓட்டுநர் சேர்ந்திருக்கிறாரா? ஐரோப்பிய ஆவணங்களில் ஓடும் நிலை எடை என்று வருவதில் 75 கிலோ ஓட்டுநரும் 90 சதவீத எரிபொருளும் அடக்கம். வேறு இடங்களின் விளம்பரத் தாளில் ஓட்டுநர் இருக்கமாட்டார். ஓட்டுநரை இரண்டு தடவை சேர்த்தால் நஷ்டமில்லை. ஒரு தடவைகூடச் சேர்க்காமல் விட்டால்தான் பிரச்சினை. இதைவிட நல்ல வழி, வண்டி கையில் வந்த அன்றே எரிபொருள் நிரப்பி எடைமேடைக்குக் கொண்டுபோய் முன்னச்சு, பின்னச்சு, மொத்தம் என்று மூன்று ரசீது வாங்குவது. அரை நாள் வேலைதான்.

இப்போது அச்சு விவகாரம். மொத்த எடை சரியாக இருந்தும் பின்னச்சு மட்டும் மீறலாம், எங்களுக்கு நடந்தது அதுதான். பின்னச்சுக்கு நேர்மேலே வைக்கும் பொருளின் எடை முழுக்கப் பின்னச்சில் இறங்கும். அதற்கும் பின்னால், கதவோரம் வைத்தால், அதன் எடையைவிட அதிகம் பின்னச்சில் இறங்கும், முன்னச்சு லேசாகும். குழந்தைகள் விளையாடும் சீசா பலகை மாதிரி. நாங்கள் இரண்டு பேட்டரி, இன்வெர்ட்டர், இரண்டு சிலிண்டர் எல்லாவற்றையும் பின்கதவுப் பக்கம் ஒரே அலமாரியில் அடுக்கியிருந்தோம், எடுக்க வசதி என்று. பேட்டரிகளை ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் கொண்டுவந்தோம், சிலிண்டர்களைப் பக்கக் கதவுக்குத் தள்ளினோம், 18 மி.மீ. ப்ளைவுட் அலமாரிக்குப் பதில் அலுமினியச் சட்டமும் தேன்கூட்டுப் பலகையும் போட்டோம். 90 கிலோ மீறல் போய் 40 கிலோ மிச்சம் வந்தது.

இடது வலது சமநிலையையும் பாருங்கள். பெரும்பாலான வண்டிகளில் அலமாரிகள் எல்லாம் ஒரே சுவரில்தான் வரும்.

ஒரு தாளில் ஒவ்வொரு பொருளுக்கும் எடை, முன்னச்சிலிருந்து எவ்வளவு தூரம் என்று இரண்டு பத்தி போட்டு வைத்துக்கொள்ளுங்கள். யாராவது "ஒரு சின்ன ஃப்ரிட்ஜ் வைக்கலாமே" என்று வந்தால் அந்தத் தாளை நீட்டுங்கள். வரம்புக்குள் குறைந்தது 100 கிலோ மிச்சம் இருக்கும்படி தொடங்குங்கள். வேலை முடியும்போது அது 50 ஆகியிருக்கும்.

4. வண்டி வாங்கும்போது

நிறுவனத்தில் மட்டுமே பொருத்தக்கூடியவை சில உண்டு: பெரிய ஆல்டர்னேட்டர் (எஞ்சின் ஓடும்போது மின்சாரம் தருவது), இரண்டாவது பேட்டரிக்கான ஏற்பாடு, கனமான பின் சஸ்பென்ஷன், பக்கக் கதவுக் கண்ணாடி, வெளி மின்வேலைகளுக்கான இணைப்புப் பெட்டி. ஆர்டர் கொடுக்கும் நாளிலேயே இவற்றைக் குறிப்பிடாவிட்டால் பிறகு சேர்ப்பது மூன்று மடங்கு தலைவலி. சில நிறுவனங்கள் ஆம்புலன்ஸுக்கென்றே தயார்நிலைத் தொகுப்பு விற்கின்றன. அது இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்.

கூடவே, பாடி கட்டுபவர்களுக்காக நிறுவனம் வெளியிடும் கையேட்டைக் கேளுங்கள். ஃபோர்டு, மெர்சிடஸ் போன்றவை அந்தந்த மாடலுக்குத் தனித்தனியாக வெளியிடுகின்றன. எங்கே துளை போடலாம், எந்தத் தூணை வெட்டவே கூடாது, ஏர்பேக் வயர் எந்த வழியாகப் போகிறது, மின்சாரம் எந்த முனையிலிருந்து எடுக்கலாம் எல்லாம் அதில் இருக்கும். பட்டறையில் அதைப் பார்த்ததே இல்லை என்றால் வேறு பட்டறை தேடுங்கள்.

பழைய சரக்கு வேன் மலிவாகக் கிடைக்கிறதே என்று தோன்றும். துரு, தளர்ந்த சஸ்பென்ஷன் மட்டுமே என்றால் சமாளித்துவிடலாம். ஆனால் அந்த வருட மாடலுக்கு ஆம்புலன்ஸ் அனுமதி கிடைக்குமா என்பதே தனிக் கேள்வி. பதிவு அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்கியபிறகே முன்பணம் கொடுங்கள்.

5. காகிதங்கள்

எங்களை அதிகம் அலைய வைத்தது இதுதான். இரும்பை வெட்டுவதற்கு முன்பே ஒரு கோப்பைத் தொடங்குங்கள்.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, மாற்றப்பட்ட வண்டிக்குச் சட்டப்படி யார் பொறுப்பு என்பது. வேன் நிறுவனம் பொறுப்பேற்பது முதல் கட்டத்துக்கு மட்டும். பட்டறை கடைசிக் கட்டத் தயாரிப்பாளர் ஆகிறது. அந்தத் தகுதி அதற்கு இருக்கிறதா, அல்லது உங்கள் வண்டியைத் தனி வண்டியாகச் சோதனைக்கு நிறுத்த வேண்டுமா என்பதைப் பொறுத்துச் செலவும் காலமும் தலைகீழாக மாறும். ஏற்கனவே அதே மாடலுக்கு அனுமதி வாங்கி வைத்திருக்கும் பட்டறை கொஞ்சம் அதிகம் கேட்டாலும் கொடுத்துவிடுங்கள்.

கோப்பில் சேரவேண்டியவை:

வேன் நிறுவனத்தின் இணக்கச் சான்று, மொத்த எடையும் அச்சு வரம்பும் குறித்தது. மூன்று எடை ரசீதுகள், வேலைக்கு முன்பு வாங்கியதும் பின்பு வாங்கியதும். இருக்கை, பெல்ட் நங்கூரங்களின் சோதனை அறிக்கை. பல நாடுகளில் ஐ.நா. விதி 14 இதற்கு அடிப்படை. எச்சரிக்கை விளக்குகளுக்கு விதி 65 முத்திரை, மின்காந்தக் குறுக்கீட்டுக்கு விதி 10. உள் அலங்காரப் பொருள்கள் மெதுவாகத்தான் எரியும் என்பதற்கு ஐ.எஸ்.ஓ. 3795 முறைப்படி சோதித்த சான்று. ஸ்ட்ரெச்சரும் பூட்டும் சேர்ந்து சோதிக்கப்பட்டதற்கான அறிக்கை. ஆக்சிஜன் குழாய்க்கு அழுத்தச் சோதனைத் தாள். வயரிங் வரைபடம், ஒவ்வொரு ஃப்யூஸின் எண்ணோடு. ரேடியோ இருந்தால் அலைவரிசை உரிமம். சைரனும் சுழல் விளக்கும் பயன்படுத்த அனுமதி.

பொறிகள் மூன்று. ஒன்று, சான்றில் இருக்கும் மாடல் எண்ணும் பொருளில் ஒட்டியிருக்கும் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். எங்கள் ரெக்சினுக்கு வந்த சான்று வேறு நிறத்துக்கானது, அதற்காக ஒரு வாரம் போனது. இரண்டு, ஸ்ட்ரெச்சர் ஒரு நிறுவனம், பூட்டு இன்னொரு நிறுவனம் என்று வாங்கினால் இரண்டுக்கும் தனித்தனிச் சான்று இருக்கும், சேர்த்துச் சோதித்த சான்று இருக்காது. மூன்று, பதிவில் வண்டியின் வகை மாறவேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் ஆம்புலன்ஸுக்கு எஸ்.சி. என்ற தனிக் குறியீடே உண்டு. சரக்கு வண்டியாகவே பதிவில் கிடந்தால் பின்னால் ஆள் ஏற்றுவது சட்டவிரோதம், விபத்தானால் காப்பீடு கைவிரிக்கும், வரிச்சலுகையும் போகும்.

6. கொட்டேஷனும் பணமும்

மூன்று பட்டறையிலாவது கொட்டேஷன் வாங்குங்கள், ஆனால் உங்கள் படிவத்தில் வாங்குங்கள். அவரவர் படிவத்தில் வாங்கினால் ஒப்பிடவே முடியாது. ஒருவர் ஸ்ட்ரெச்சரைச் சேர்த்திருப்பார், ஒருவர் "வாடிக்கையாளர் தருவது" என்று மூலையில் பொடி எழுத்தில் போட்டிருப்பார்.

செலவைத் தனித்தனியாகப் பிரிக்கச் சொல்லுங்கள்: வண்டி, உள்கட்டுமானம், மின்வேலை, ஆக்சிஜன், ஸ்ட்ரெச்சர், மருத்துவக் கருவிகள், வெளி ஸ்டிக்கரும் விளக்கும், சோதனையும் பதிவும். தீவிர சிகிச்சை வண்டி என்றால் வென்டிலேட்டர், மானிட்டர், டிஃபிப்ரிலேட்டர் மூன்றும் உள்கட்டுமானத்தின் விலையைத் தாண்டிவிடக் கூடும். அவற்றைப் பட்டறை வழியாக வாங்காதீர்கள். நேரடியாக வாங்கினால் உத்தரவாதமும் பயிற்சியும் உங்களிடமே நிற்கும்.

யாரும் சொல்லாத செலவுகளும் உண்டு. சோதனை மையத்துக்குப் போய்வரும் செலவு, மறுசோதனைக் கட்டணம், முன்கண்ணாடியைக் கழற்றி மாட்டினால் அதிலுள்ள ஓட்டுநர் உதவிக் கேமராவை மீண்டும் சீரமைக்கும் கட்டணம், ஓட்டுநர் பயிற்சி, உதிரி ஃப்யூஸும் உதிரி விளக்கும். வண்டி பட்டறையில் நிற்கும் மாதங்களுக்கான காப்பீடு இதிலெல்லாம் முக்கியம். அங்கே தீப்பிடித்தால் யார் வண்டி எரிந்தது? பதிவாகாத வண்டிக்குச் சாலைக் காப்பீடு உதவாது. பட்டறையின் காப்பீட்டில் வாடிக்கையாளர் வண்டி அடங்குமா என்று நகல் கேட்டு வாங்குங்கள். வண்டி உங்கள் சொத்து, பட்டறை கடனில் மூழ்கினாலும் அதை யாரும் தொடக் கூடாது என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்கட்டும்.

பணத்தைத் தவணையாகக் கொடுங்கள், தேதிக்கு அல்ல, வேலைக்கு. நாங்கள் இரண்டாவது முறை செய்தது: பொருள் வாங்க 30 சதவீதம், சுவர் மூடும் முன் 30, வேலை முடிந்ததும் 20, பதிவுச் சான்று கைக்கு வந்தபிறகு 20. கடைசி 20-க்குப் பட்டறைக்காரர் முகம் சுளித்தார். ஆனால் சோதனை மையத்துக்கு அவரே மூன்று தடவை நடந்தார்.

7. மின்சாரம்

முதல் வண்டி ஓடத் தொடங்கி இரண்டாவது வாரம், ஒரு திங்கட்கிழமை காலை ஸ்டார்ட் ஆகவில்லை. மருந்து ஃப்ரிட்ஜை எஞ்சின் பேட்டரியிலேயே இணைத்திருந்தார்கள். சனி, ஞாயிறு இரண்டு நாளில் அது உறிஞ்சிவிட்டது. எனவே சட்டம் ஒன்று: எஞ்சின் பேட்டரி எஞ்சினுக்கு மட்டும். மருத்துவப் பகுதிக்குத் தனி பேட்டரி, வண்டி நிற்கும்போது சுவரிலிருந்து சார்ஜ் ஏற வெளி இணைப்பு.

இரண்டு பேட்டரிக்கும் நடுவே முன்பெல்லாம் ஒரு ரிலே (தானாக இணைத்துப் பிரிக்கும் சுவிட்ச்) போட்டால் போதும். புதிய எஞ்சின்களின் ஆல்டர்னேட்டர் எரிபொருள் சேமிக்க வோல்டேஜைத் தானே ஏற்றி இறக்கும். ரிலே ஏமாந்துபோகும், இரண்டாவது பேட்டரி பாதியிலேயே நிற்கும். வரும் வோல்டேஜ் மாறினாலும் பேட்டரிக்கு வேண்டியதைச் சீராகக் கொடுக்கும் டி.சி.-டி.சி. சார்ஜர் கேளுங்கள். லித்தியம் பேட்டரி எடை குறைவு என்பது நமக்கு லாபம்தான், ஆனால் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வகையை உறைநிலைக்குக் கீழே சார்ஜ் செய்யக் கூடாது.

கணக்கு எளிது. 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி ஈய அமில பேட்டரியில் பாதியைத்தான் நிம்மதியாகப் பயன்படுத்தலாம், அதாவது 50. எல்லாம் சேர்ந்து 25 ஆம்பியர் இழுத்தால், எஞ்சின் நின்றபின் 2 மணி நேரம். இன்வெர்ட்டர் போட்டால் 1,000 வாட் சுமைக்கு 12 வோல்ட் பக்கம் 83 ஆம்பியர், இழப்பும் சேர்த்தால் 90-க்கு மேல். அந்த வயர் விரல் தடிமனில் இருக்க வேண்டும், ஃப்யூஸ் பேட்டரி முனைக்கு அருகிலேயே இருக்க வேண்டும். ஃப்யூஸ் இரண்டு மீட்டர் தள்ளி இருந்தால் அந்த இரண்டு மீட்டருக்குக் காவல் இல்லை. இன்வெர்ட்டர் சுத்த சைன் அலை வகையாக இருக்கட்டும், மலிவான வகையில் சில மருத்துவக் கருவிகள் தாறுமாறாக நடந்துகொள்ளும்.

விபத்து இடத்தில் எஞ்சினை ஓடவிட்டபடி மணிக்கணக்கில் நிற்கும் டீசல் வண்டியில் புகைவடிகட்டி அடைத்துக்கொள்ளும். நிற்கும்போது எஞ்சின் வேகத்தை உயர்த்தும் வசதியை நான்காவது படியிலேயே கேட்டு வாங்குங்கள்.

8. ஆக்சிஜன்

10 லிட்டர் கொள்ளளவு, 150 பார் அழுத்தம் என்றால் சுமார் 1,500 லிட்டர் வாயு. நிமிடத்துக்கு 15 லிட்டர் கொடுத்தால் 100 நிமிடம். உயர் ஓட்டக் கருவியில் 60 லிட்டர் கொடுத்தால் 25 நிமிடம்தான். முதல் படியில் எழுதிய மிக நீளமான பயணத்தை எடுத்து, அதன் இரண்டு மடங்குக்குக் கணக்குப் போடுங்கள். போக்குவரத்து நெரிசல் சிலிண்டருக்குத் தெரியாது.

குழாயும் இணைப்புகளும் எண்ணெய்ப் பசையே இல்லாமல் கழுவப்பட்டிருக்க வேண்டும். அழுத்தமுள்ள ஆக்சிஜனில் எண்ணெய், கிரீஸ் பட்டால் தீப்பிடிக்கும். பட்டறைக்காரர் "கொஞ்சம் எண்ணெய் தடவினால் நன்றாக இறங்கும்" என்று சொன்னால் அங்கேயே நிறுத்துங்கள். கசிவு பார்க்கவும் ஆக்சிஜனுக்கென்று விற்கும் திரவத்தையே பயன்படுத்தச் சொல்லுங்கள். மின்வயரும் ஆக்சிஜன் குழாயும் ஒரே பொந்தில் போகக் கூடாது. சிலிண்டர் பெட்டிக்கு வெளிக்காற்றுத் துளை இருக்க வேண்டும்.

9. ஸ்ட்ரெச்சர், இருக்கை, தரை

இ.என். 1789 கேட்பது 10 ஜி, அதாவது பொருளின் எடையைப்போல் பத்து மடங்கு விசை: முன், பின், இடம், வலம், மேல் என எந்தப் பக்கம் உலுக்கினாலும் பொருத்தியது பிய்ந்து வரக் கூடாது. 10 கிலோ மானிட்டர் அந்தக் கணத்தில் 100 கிலோ மாதிரி பறக்கப் பார்க்கும். எதிரே நோயாளியின் தலை இருக்கிறது. ப்ளைவுட்டில் திருகு ஆணி போட்ட தாங்கிக்கு இது தாங்காது. தகட்டை ஊடுருவிப் போகும் போல்ட், அடியில் உள்ளங்கை அகலத்துக்குக் கனத்த தகடு, அதன்மேல் பூட்டு நட் என்று இருக்க வேண்டும். வண்டிக்கு அடியில் படுத்து, டார்ச் அடித்து நீங்களே எண்ணிப் பாருங்கள்.

பக்கவாட்டில் உட்காரும் பெஞ்சைத் தவிர்க்க முடிந்தால் தவிருங்கள். முன்னோக்கியோ பின்னோக்கியோ உட்காரும் இருக்கைதான் மோதலில் உடலைத் தாங்கும். உதவியாளர் பெல்ட்டோடு உட்கார்ந்தபடியே நோயாளியின் கையையும் ஆக்சிஜன் குமிழியையும் எட்ட வேண்டும். எட்டாவிட்டால் பெல்ட்டை யாரும் போடமாட்டார்கள். தரையில் சாக்பீஸால் அளவு வரைந்து, இரண்டு பிளாஸ்டிக் நாற்காலியும் ஒரு பெஞ்சும் போட்டு, உங்கள் செவிலியரை உட்காரவைத்துப் பாருங்கள். ஒரு மணி நேரத்தில் பத்து திருத்தம் வரும்.

தரை வினைல் ஒரே துண்டாக, சுவரில் நான்கு விரல் உயரம் வளைந்து ஏற வேண்டும். மூலையில் மூட்டு இருந்தால் ரத்தம் அதற்குள் இறங்கும், கீழே ப்ளைவுட்டில் ஊறும், ஆறு மாதத்தில் நாற்றம் எங்கிருந்து வருகிறது என்று தேடுவீர்கள். காற்றோட்டமும் அப்படித்தான். ஏ.சி. உள்ளே இருக்கும் காற்றையே சுழற்றும், வெளிக்காற்றைக் கொண்டுவராது. வண்டி நிற்கும்போதும் மணிக்கு 20 முறை காற்று மாறவேண்டும் என்கிறது அதே தரம், அதற்குத் தனி விசிறி வேண்டும்.

10. எத்தனை நாள் ஆகும், எப்போது நேரில் போவது

எங்கள் இரண்டாவது வண்டிக்கு: வண்டி வர 7 வாரம், பட்டறையில் 8 வாரம், சோதனையும் பதிவும் 3 வாரம். வண்டிக்காகக் காத்திருந்த 7 வாரத்தில்தான் சாக்பீஸ் வரைபடம், எடைத்தாள், கருவி ஆர்டர், சான்றுகள் சேகரிப்பு எல்லாம் முடித்தோம். சோதனைத் தேதியையும் வேலை முடியும்வரை காத்திருக்காமல், பட்டறையில் நான்காவது வாரமே பதிந்துவிட்டோம். முதல் முறை இவற்றை ஒன்றன்பின் ஒன்றாகச் செய்ததால்தான் 11 மாதம்.

பட்டறைக்கு மூன்று தடவை கட்டாயம் போங்கள். துளைகள் போட்டு முடிந்ததும் ஒரு தடவை: வெட்டிய விளிம்பு எல்லாவற்றிலும் துரு தடுப்புப் பெயின்ட் இருக்கிறதா என்று பார்க்க. வயரும் குழாயும் ஓடி, சுவர் மூடும் முன் இரண்டாவது தடவை: ஒவ்வொரு சதுர அடியையும் போட்டோ எடுங்கள், அருகில் ஓர் அளவுநாடாவை வைத்து. இரண்டு வருடம் கழித்து ஒரு வயரைத் தேடும்போது அந்தப் போட்டோக்கள் தங்கம். மூன்றாவது, ஒப்படைப்புக்கு ஒரு வாரம் முன்.

11. ஒப்படைக்கும் நாள்

மாலையில் போகாதீர்கள். காலையில் போங்கள், செவிலியரையும் ஓட்டுநரையும் கூட்டிக்கொண்டு.

முதலில் எடைமேடை, ஐந்து பேரோடு, எல்லாக் கருவியோடு. அப்புறம் தண்ணீர்: எல்லாக் கதவையும் மூடி, கூரை விளக்குகள் பொருத்திய இடத்தில் பத்து நிமிடம் குழாய் பீய்ச்சுங்கள், உள்ளே ஒருவர் டார்ச்சோடு இருக்கட்டும். சிலிண்டரைத் திறந்து குழாயில் அழுத்தம் ஏற்றி, சிலிண்டரை மூடி, அழுத்தமானியின் முள் நிற்கும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள். எல்லா விளக்கும் கருவியும் போட்டு, எஞ்சினை அணைத்து, எத்தனை நேரம் தாங்குகிறது என்று கடிகாரம் வைத்துப் பாருங்கள். சைரன் அடிக்கும்போது உள்ளே பேச முடிகிறதா, ரேடியோவில் இரைச்சல் வருகிறதா என்று கவனியுங்கள். ஸ்ட்ரெச்சரில் உங்களில் கனமானவரைப் படுக்கவைத்து ஐந்து தடவை ஏற்றி இறக்குங்கள். எங்களில் அது நான்தான். மூன்றாவது தடவை பின்சக்கரப் பூட்டு விழாமல் ஸ்ட்ரெச்சர் தானே நகர்ந்தது. பட்டறைப் பையன் ஓடிவந்து பிடித்தான். ஒரு போல்ட்டைக் கால் திருப்பு இறுக்கினார்கள், அப்புறம் பத்து தடவை ஏற்றினார்கள், விழவில்லை. அதன்பிறகுதான் கையெழுத்துப் போட்டேன்.

சாவியோடு வயரிங் வரைபடம், ஃப்யூஸ் பட்டியல், எல்லாச் சான்றுகளின் அசல், கருவிகளின் கையேடு, சிலிண்டர்களின் அடுத்த அழுத்தச் சோதனைத் தேதி எல்லாம் ஒரு கோப்பில் வரவேண்டும். ஃப்யூஸ் பட்டியலின் ஒரு நகலை பிளாஸ்டிக் உறையில் போட்டு ஓட்டுநர் கதவுப் பையிலேயே வைத்துவிடுங்கள். முதல் ஃப்யூஸ் நடுராத்திரியில்தான் போகும்.